களத்துமேட்டுக் குழாய்

பாட்டு நின்ற பிறகும் குழாய் நிற்கவில்லை.

அம்சம் முதலில் அதை மழை என்றுதான் நினைத்தாள். கார்த்திகை அடைமழை ஓட்டுக்கூரையில் விழுந்து, இறவாரத்தில் வழிந்து, வாசலில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு சின்னச் சத்தம் கூடுதலாக இருந்தால் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மைக்செட்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் காது கொஞ்சம் கூர்மை. இங்கிலீஷ் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு முடிந்து, இரண்டாவது பாட்டு தொடங்காமல், நடுவில் இருந்த வெறும் கீற்றில் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஊசியின் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேட்கக் கூடாது. அவளுக்கு ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டதோ கதிரடிக்கும் சத்தம்.

தப்பென்று ஓர் அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி தப்பென்று ஓர் அடி. கூடவே வைக்கோல் சரசரப்பு.

கார்த்திகையில் எவன் கதிரடிக்கிறான்? குறுவை எப்போதோ அறுத்து வீடு சேர்ந்துவிட்டது. சம்பா இன்னும் பச்சையாகத் தண்ணீரில் நிற்கிறது. தை பிறக்காமல் இந்தச் சீமையில் எந்தக் களத்திலும் கதிரடிக்கக் கட்டை போடமாட்டார்கள். ஒருவேளை வெள்ளைக்காரன் ஊரில் கார்த்திகையில் அறுப்பானோ என்னமோ என்று தனக்குத்தானே கேலி பேசிக்கொண்டாள். அதற்குள் இரண்டாவது பாட்டு எழுந்து அந்தச் சத்தத்தை மூடிவிட்டது.

தட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் கூத்தாநல்லூர் அப்துல் மஜீது. சிங்கப்பூரில் கடை வைத்திருப்பவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் புருஷன் இராஜாங்கத்துக்கு நல்ல ஊசி டப்பா வாங்கி வந்து தருவார். அவர் வரும்போதெல்லாம் அம்சமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். இன்றைக்கு மத்தியானமும் குடையை மடக்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

“எந்தம்பியப் பாத்தீங்களா பாய்?”

“நானும் கேக்காத எடமில்ல தங்கச்சி. ஹார்பர்ல கேட்டேன், நம்மாளுங்க சாப்புடுற கடையில எல்லாம் கேட்டேன். செல்லதுரைன்னு இந்தப் பக்கத்துப் புள்ள யாரும் வந்து எறங்கல.”

“பேர மாத்தி வச்சிருப்பானோ?”

“பேர மாத்தலாம். பாஸ்போர்ட்டுக்கு எங்க போறது? போலீசு தேடுற புள்ளய எந்தக் கப்பல்லம்மா ஏத்துவான்?” மஜீது அவள் முகத்தைப் பார்க்காமல் குடைக்கம்பியைத் துடைத்துக்கொண்டே பேசினார். “ஒங்க வூட்டுக்காரருதான ஏத்திவுட்டேன்னு சொல்றாரு. அவருகிட்டயே இன்னொரு தடவ நல்லாக் கேளு.”

பிறகு பைக்குள்ளிருந்து அந்தத் தட்டை எடுத்தார். “அவனுக்கு இங்கிலீசுப் பாட்டுன்னா உசுருன்னு சொல்லுவியே. பாத்தாக் குடுக்கலாம்னு வாங்கி வச்சிருந்தேன். எங்க கடைக்குப் பக்கத்துலயே ரிக்கார்டுக் கடை. எவனுமே வாங்கலையாம், தூசி புடிச்சுக் கெடந்துச்சு. இந்த ஒரே தட்டோட அந்தக் கூட்டமே கலைஞ்சு போச்சாம். இனிமே எங்கிட்ட எதுக்கு? நீ வச்சுக்க.”

கரும்பச்சை அட்டை. முடி வளர்த்த நாலு ஆண்கள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கிற படம். ஒருத்தன் முகத்திலும் சிரிப்பில்லை. நாற்று நடப் போய் வழி தப்பியவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று அம்சத்துக்குத் தோன்றியது. செல்லதுரை பார்த்திருந்தால் துள்ளியிருப்பான். டீக்கடை ரேடியோவில் சிலோன்காரன் இங்கிலீஷ் பாட்டு வைக்கிற நேரத்துக்குக் கஞ்சியைக்கூடப் போட்டுவிட்டு ஓடுவான். ஏன்டா இப்படிக் கத்தி அழுகிறான்கள் என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, “அழுவல அக்கா, கோவப்படுறாங்க. நம்ம பறையில வருமே, அந்தக் கோவம்” என்றான்.

மஜீது போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. உலையை வைத்தாள், இறக்கினாள், சோறு குழைந்தது. கப்பல், பாஸ்போர்ட்டு என்று நெஞ்சுக்குள் எதுவோ அரித்தது. தம்பி கேட்கவேண்டிய பாட்டைத் தானாவது கேட்டுவிட்டால் அரிப்பு அடங்கும் என்று நினைத்தாள். இராஜாங்கம் காலையிலேயே கீழ்வேளூரில் கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு நல்ல குழாய்களை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நேற்று ஒரு கட்சி, இன்று ஒரு கட்சி, நாளை சாவு வீடு. குழாய்க்கு எல்லாரும் ஒன்றுதான். வீட்டில் மிச்சமிருந்தது பழைய ரிக்கார்டு பெட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு பேட்டரி, பரணில் சாக்குச் சுற்றிக் கிடந்த ஒரே ஒரு குழாய்.

அந்தக் குழாயை அவன் ஆறு வருஷமாகக் கட்டுவதில்லை. உள்ளே சத்தம் போடுகிற யூனிட் எரிந்துபோய்விட்டது என்பான். எரிந்துபோன சாமானை விற்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. அம்சம் ஏணி வைத்து ஏறி இறக்கினாள். குழாயின் வாய்க்குள் காய்ந்த சேறு அப்பியிருந்தது. விரலால் சுரண்டி எடுத்துவிட்டு வயரைக் கொடுத்து ஊசியை வைத்தாள்.

யூனிட் எரியவே இல்லை. வெண்கல மணி மாதிரி கணீரென்று பாடியது.

இரண்டாவது பாட்டு அவளுக்குப் பிடித்துப்போனது. அதை ஒத்துக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. கீழ்ச்சத்தம் ஒன்று பம்ப்செட் ஓடுகிறாற்போல அடிவயிற்றிலேயே அதிர்ந்தது. அதன் மேல் தகரத்தைக் கிழித்தாற்போல ஒரு கம்பிவாத்தியம். பின்னால் எங்கோ வேளாங்கண்ணிக் கோயிலில் கேட்ட ஆர்மோனியம் மாதிரி ஒன்று நீட்டி முழங்கியது. பாடுகிறவன் யாரிடமோ நியாயம் கேட்கிறான். பாஷை தெரியாவிட்டால் என்ன, நியாயம் கேட்கிற குரல் தெரியாதா? நம்பினவனிடம் கேட்கிற குரல் அது. அம்சம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தம்பி பக்கத்தில் இருப்பதாகவே நினைத்துக் கேட்டாள்.

பாட்டு முடிந்தது. கீற்று வந்தது.

தப். சரசரப்பு. தப்.

இந்த முறை அதோடு ஓர் இருமலும் வந்தது. மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, குழாய்க்குள் மழையில்லாத ஒரு வெட்டவெளி இருந்தது. வறண்ட காற்று. பனையோலை உரசல். தூரத்தில், ரொம்பத் தூரத்தில், நாதஸ்வரம்.

மூன்றாவது பாட்டு பெருஞ்சத்தத்தோடு தொடங்கியது. ஆனால் அவள் காது பாட்டில் இல்லை. அந்த நாதஸ்வரம் அவளுக்குத் தெரிந்தது. கீழத்தெருவில் தெரியாதவர்கள் கிடையாது.

அந்த மைக்செட் முதலில் இராஜாங்கத்தினுடையது அல்ல. கீழத்தெரு முழுக்கக் கூலிநெல்லில் மரக்கால் மரக்காலாக ஒதுக்கி, கூலிக்காரச் சங்கத்துக்கென்று வாங்கிய செட். நமக்கும் ஒரு வாய் வேண்டும் என்று வாங்கினார்கள். இயக்கத் தெரிந்தவன் இராஜாங்கம் ஒருத்தன்தான் என்பதால் அவன் கையில் இருந்தது, பிறகு அப்படியே அவனுடையதாகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முந்திய தையில், கூலியைக் கூட்டித் தராமல் கதிர்க்கட்டைக் களத்தைவிட்டு நகர்த்தக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. பண்ணை வெளியூர் ஆட்களை வண்டியோடு இறக்கப்போவதாகப் பேச்சு. அதே வாரத்தில் பண்ணை வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. கீழத்தெருச் செட்டையே வாடகைக்குக் கேட்டார்கள். தெருவுக்கு ஆச்சரியம், கொஞ்சம் பெருமையும்கூட.

செல்லதுரைதான் யோசனை சொன்னான். “நல்லதாப் போச்சு. மாமா பண்ணை வூட்டு மொட்டமாடியில உக்காந்திருப்பாரு. வெளியாள் வண்டி வந்தா அவருக்குத்தான் மொதல்ல தெரியும். பாட்ட நிறுத்திடட்டும். பாட்டு நின்னு ஒரு வெத்தல போடுற நேரம் ஆச்சுன்னா தெருவே களத்துக்கு ஓடியாந்துடணும். அதுவரைக்கும் காவலுக்கு நான் ஒருத்தன் போதும்.”

தெருவுக்குக் கேட்க வேண்டுமே என்று களத்துமேட்டுப் பனையில் ஒரு குழாயை இராஜாங்கமே ஏறிக் கட்டினான். இந்தக் குழாய்தான் அது.

பொழுது சாய்ந்ததும் நாதஸ்வரம் தொடங்கியது. அவனிடம் நாதஸ்வரத் தட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது; ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போடுவான். முடியும்போதெல்லாம் தெருவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆண்கள் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மறுபடி நாதஸ்வரம் எழும், உட்கார்ந்துவிடுவார்கள். அம்சம் வாசலில் நின்று, ஒவ்வொரு முறை பாட்டு திரும்பும்போதும், நல்லவேளை, ஒன்றுமில்லை, என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். அன்றைக்குப் பாட்டு கடைசிவரை நிற்கவே இல்லை.

விடிந்தபோது களத்தில் கதிரும் இல்லை, காவலுக்கு இருந்தவனும் இல்லை. முழங்கால்வரை சேறோடு வந்த இராஜாங்கம் அவளைத் தனியாக அழைத்து அழுதான். வண்டிகள் கொல்லைப்பக்கமாக வந்துவிட்டனவாம், மாடியிலிருந்து தெரியவில்லையாம். செல்லதுரை ஒருத்தனை வெட்டிவிட்டானாம். போலீஸ் பிடிப்பதற்குள் நாகப்பட்டினத்தில் சிங்கப்பூர்க் கப்பலேற்றிவிட ஆள் பிடித்துவிட்டதாகவும், வெளியே மூச்சு விடாதே என்றும் சொன்னான். அந்த வெட்டைப் பற்றி மஜீதிடம் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ஆத்தா ராசம்மாள் செத்தபோது, மகன் கடல் தாண்டிப் போனவன் என்பதால் இராஜாங்கமே மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி போட்டான். மருமகன் என்றால் இவனல்லவா மருமகன் என்று ஊர் சொன்னது. அம்சம் அன்று அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் இப்போது அவள் கைகளைச் சுட்டது.

மூன்றாவது பாட்டு முடிந்து, அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு தொடங்கியது. மெதுவான பாட்டு. ஒரு மத்தள அடி, பிறகு ஒன்றுமே இல்லாத நீண்ட வெறுமை, பிறகு ஒரு கம்பி சுண்டல், மறுபடி வெறுமை. நம்மூர்ப் பாட்டுக்காரர்கள் இப்படி இடம் விடமாட்டார்கள். வயலினோ தபேலாவோ ஓடி வந்து நிரப்பிவிடும். அதனால்தானோ என்னமோ, இத்தனை வருஷம் குழாய்க்குள் இருந்தது வெளியே வர வழி இல்லாமல் கிடந்திருக்கிறது. இந்தப் பாவி வெள்ளைக்காரர்கள் வழி விட்டிருக்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் இராஜாங்கம் அவளுக்கு ஒரு வேடிக்கை காட்டியிருக்கிறான். குழாயின் வயரைக் கழற்றி மைக் மாட்டுகிற துளையில் செருகிவிட்டு, குழாய்க்குள் பேசச் சொன்னான். அவள் பேசியது அடுத்த அறையில் இருந்த இன்னொரு குழாயில் கேட்டது. “பாத்தியா, வாயும் இதுதான், காதும் இதுதான்” என்று சிரித்தான். பேசுகிற குழாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். கேட்டதை மறக்காது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

மத்தள அடி. வெறுமை.

தப். தப். தப்.

அது கதிர் அல்ல.

நெல் கட்டையில் விழும் சத்தம் வேறு. காய்ந்த சத்தம். இது ஈரமாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு மூச்சு வெளியே தள்ளப்பட்டது. சரசரப்பு என்று அவள் நினைத்தது வைக்கோலில் ஓர் ஆள் புரளுகிற சத்தம்.

கம்பி சுண்டல். வெறுமை.

“மாமா...”

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமா, பாட்ட நிறுத்துங்க... பாட்ட நிறுத்துங்க மாமா...”

அவன் குரல்தான். மீசை முளைத்த பிறகும் உடையாமல் இருந்த, அக்கா அக்கா என்று காலைச் சுற்றிய அந்தக் குரல், பனைமரத்தைப் பார்த்து, குழாயைப் பார்த்து, அதற்கு அந்தப் பக்கம் மாமா இருக்கிறார் என்று நம்பிக் கூப்பிட்டது. பதிலுக்கு நாதஸ்வரம் எழுந்தது. அம்சம் அங்கே வாசலில் நின்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே நாதஸ்வரம்.

பாடகன் ஏதோ ஒரு வரி பாடினான். அவளுக்கு அவனை அடித்து நிறுத்தவேண்டும்போல இருந்தது. ஊசியை எடுக்கக் கை போனது. எடுத்தால் தம்பியின் குரல் போய்விடும். எடுக்காவிட்டால் அடி தொடரும். கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பக்கம் அப்படியே முடிந்து, ஊசி கடைசி வளையத்தில் கரகரத்துக்கொண்டு ஓடியது.

அவள் தட்டைத் திருப்பிப் போட்டாள். ஏன் போட்டாள் என்றால், அவன் தப்பித்திருக்கலாம். அடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவன் எழுந்து ஓடியிருக்கலாம். கப்பல் உண்மையாக இருக்கலாம். கப்பல் உண்மையாக இருக்கவேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவையும் எட்டுக்குடி முருகனையும் நாகூர் ஆண்டவரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

மறுபக்கத்தில் பாட்டே சரியாக இல்லை. ஒரே வாத்தியம், கோயில் ஆர்மோனியம் மாதிரி அது, எங்கோ ஒற்றை நாதமாக நீண்டு தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் களம் வந்தது. ஆட்கள் இல்லை. அடி இல்லை. வண்டிகள் கிறீச்சிட்டுப் போய்விட்டன. நாதஸ்வரமும் இல்லை. ஒருவன் மட்டும் வைக்கோலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான்.

உயிர் இருக்கிறது. அம்சம் அழுதுகொண்டே சிரித்தாள்.

காலடி ஒன்று வந்தது. செருப்பில்லாத கால். பனைமரத்தடியில் நின்றது. மரம் ஏறுகிற உராய்வு, குழாயின் மேல் கை படும் ணங்கென்ற சத்தம், வயர் அவிழ்கிறது. பிறகு இறங்கும் சத்தம்.

“மாமா... வந்துட்டீங்களா?” செல்லதுரையின் குரலில் அத்தனை ஆறுதல். திருவிழாவில் தொலைந்த பிள்ளை ஆளைக் கண்டுகொண்டாற்போல. “நான் பயந்தே போயிட்டேன் மாமா. அக்காட்ட... அக்காட்டச் சொல்லாதீங்க, அழுவும்.”

குழாயைத் தரையில் வைக்கும் சத்தம்.

பிறகு குழாயை ஒட்டினாற்போல, வாய்க்குள்ளேயே பேசினாற்போல, இராஜாங்கத்தின் குரல். “பொறுத்துக்க தொரை. கொஞ்ச நேரந்தான்.”

அதற்குப் பிறகு மண்வெட்டி.

ஈரமண்ணைச் சதக்கென்று வெட்டி, பிடுங்கி, வீசுகிற சத்தம். களத்தை ஒட்டிய வாய்க்கால் ஓரத்தில்தான் தையிலும் மண் ஈரமாக இருக்கும். அந்த வாய்க்கால் ஓரத்து மூன்று மா நிலத்தைத்தான் பண்ணை அந்த வருஷமே இராஜாங்கம் பெயரில் எழுதியது. நில உச்சவரம்புக்குப் பயந்து பேருக்கு எழுதினார்கள், நமக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று அவன் சொன்னான். ஆறு வருஷமாக அதில் அவள்தான் நாற்று நட்டாள். அவள்தான் களை பறித்தாள். இன்றைக்குப் பொங்கி இறக்கிய சோறும் அந்த நெல்தான்.

“மாமா? என்ன மாமா பண்றீங்க?”

சதக்.

“மாமா...”

சதக்.

அம்சம் வாந்தி எடுத்தாள். நிறுத்த முடியாமல் எடுத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது.

மழையில் கூட்டம் கலைந்து இராஜாங்கம் திரும்பியிருந்தான். தலையில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டியிலிருந்து சொட்டச் சொட்டத் தண்ணீர். விளக்கு வைக்காத வீடு. வாசல் வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால். அவன் முதலில் அவளைப் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தான்.

“இத யார் எடுக்கச் சொன்னா?”

“எரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே.”

குழாய் சொன்னது: “மாமா, வந்துட்டீங்களா?”

அது என்ன சத்தம் என்று இராஜாங்கம் கேட்கவில்லை. யார் குரல் என்று கேட்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான். மிச்சமிருந்த கப்பலும் அவளுக்கு அந்த நொடியில் முழுகிவிட்டது.

“அடிச்சு வெரட்டிடுவோம்னுதான் சொன்னாங்க அம்சம். உசுருக்கு ஒண்ணும் வராதுன்னு சத்தியம் பண்ணுனாங்க.”

“வரலையே. நீங்க போனப்ப உசுரு இருந்துச்சே.”

“இருந்துச்சு.” அவன் குரல் தாழ்ந்தது. “எந்திரிச்சு வந்து தெருவுல சொன்னான்னா? நான் பாட்ட நிறுத்தலன்னு சொன்னான்னா? என்னைய உசுரோட வுட்டுருப்பாங்களா? நீயே சொல்லு புள்ள.”

“ஒங்களப் பாத்து அவன் சந்தோசப்பட்டானேங்க.” அவள் குழாயைக் காட்டினாள். “பயந்தே போயிட்டேன்னு சொன்னானேங்க. ஒங்களப் பாத்ததும் அவனுக்குப் பயம் போச்சேங்க.”

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சொன்னபோதெல்லாம் அந்த வேலிக்குள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

குழாயில் மண்வெட்டி விழுந்துகொண்டே இருந்தது. இராஜாங்கம் பாய்ந்து வந்து ஊசியைத் தட்டிவிட்டான். தட்டு கீறியது. மண்வெட்டி நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. பேட்டரியைக் காலால் உதைத்துத் தள்ளினான். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. வெறும் தகரமாகத் தரையில் கிடந்த குழாய் கூப்பிட்டது.

“மாமா?”

இப்போது அது பழைய சத்தமாக இல்லை. வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.

இராஜாங்கம் தலையிலிருந்த ஈரத்துண்டை உருவிச் சுருட்டிக் குழாயின் வாய்க்குள் திணித்தான். முட்டியால் அழுத்தினான். குரல் மங்கியது. இன்னும் மங்கியது. நின்றது.

மழையும் விட்டிருந்தது. இறவாரச் சொட்டுக்கூட இல்லை.

அவன் எழுந்தான். முகத்தில் லேசாக ஒரு தெளிவுகூட வந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

முதலில் கரகரப்பு.

பிறகு நாதஸ்வரம்.

அவள் குழாயைப் பார்த்தாள். துண்டு அடைத்தது அடைத்தபடி இருந்தது. அவனும் குழாயைப் பார்த்தான். அவன் திரும்பியதும் சத்தமும் கூடவே திரும்பியது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. திறந்த வாய்க்குள்ளிருந்து, காதுகுத்து வீட்டு நாதஸ்வரம், தட்டின் கீறலோடு, தவிலோடு, அன்றைக்குக் கேட்ட அதே உரப்பில் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் வழிந்தது. மூக்கில் வழிந்தது. கண்கள் பிதுங்கி அவளிடம் கெஞ்சின.

“பாட்ட நிறுத்துங்க,” என்றாள் அம்சம்.

அவன் தலையை ஆட்டினான். முடியவில்லை என்று ஆட்டினான்.

“பாட்ட நிறுத்துங்க.”

நாதஸ்வரத் தட்டின் ஒரு பக்கம் முடிந்தது. கரகரப்பு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் ஒரு மூச்சு இழுத்தான். அந்த ஒரு மூச்சுதான்.

அவன் கைகள் தாமாக இறங்கின. தாமாக உயர்ந்தன. தட்டின் முகத்தில் விரல் படக் கூடாது, ஓரத்தை மட்டும் உள்ளங்கையால் தாங்கி எடுக்கவேண்டும். மைக்செட்காரன் கைக்கு அது பழகிப்போன வேலை. அப்படியே எடுத்தன. இரண்டு உள்ளங்கையும் அவனுடைய இரண்டு காதையும் மெல்லத் தாங்கிக்கொண்டன. கீறல் விழுந்துவிடாமல், பதமாக, அவன் தலையைத் திருப்பத் தொடங்கின. தோள் வரைக்கும். தோளைத் தாண்டி. கண்கள் முடிந்தவரை அவளையே பார்த்தன. கழுத்துக்குள் எதுவோ நெரிந்தது. கைகள் நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஈரமுடி ஒட்டிய பின்மண்டை முழுசாக அம்சத்தின் பக்கம் வந்ததும் தலையை மெல்ல அமர்த்திவிட்டு இறங்கின.

கொஞ்சம் கரகரப்பு. பிறகு அந்தப் பின்மண்டையிலிருந்து நாதஸ்வரம் மறுபடி எழுந்தது.